காட்டிக் கொடுத்தவருக்கு ஒரு கரண்டி சீனி

பள்ளிக்கூடத்தில் எல்லாரும் அவளை மிஸ் விக் என்றுதான் கூப்பிட்டார்கள். விக்னராஜா அப்பாவின் பெயர். அவளுடைய பெயர் தர்ஷனா. பயிற்சி ஆசிரியையாக மெரிலேண்ட்ஸ் பள்ளிக்கூடத்துக்கு வந்த முதல் நாள், அவளுக்குப் பொறுப்பான மிஸிஸ் ஹாட்லி அந்தப் பெயரோடு கொஞ்ச நேரம் மல்லுக்கட்டிப் பார்த்தார். பிறகு, "மிஸ் விக் என்று வைத்துக்கொள்வோமா? பிள்ளைகளுக்கும் வசதி" என்றார். "நல்ல யோசனை" என்று சிரித்தவள் தர்ஷனாதான். அப்பாவின் பெயரில் பெரும்பங்கை வெட்டிக் கொடுத்துவிட்டு, வெட்டியவருக்கு நன்றியும் சொல்லியிருந்தாள்.

அவளுடைய குடும்பத்தில் பல்கலைக்கழகப் படி மிதித்த முதல் ஆள் அவள். பதினொரு வயதில் அம்மா அப்பாவோடு இலங்கையிலிருந்து படகில் வந்தவள். அப்பா செவன் ஹில்ஸில் கோழி வெட்டும் தொழிற்சாலையில் வேலை செய்தார். அம்மா பரமட்டாவில் அலுவலகங்கள் துப்புரவு செய்தார். பல்கலைக்கழகத்தில் என்ன நடக்கிறது என்று இரண்டு பேருக்கும் தெரியாது, கேட்கக் கூச்சம். பயிற்சிக் காலத்தைக் குறிக்கும் 'பிராக்' என்ற சொல்லை மட்டும் அம்மா பிடித்து வைத்திருந்தார். ஏதோ சத்திரசிகிச்சையைப் பற்றி விசாரிப்பது போல, "பிராக் எப்பிடிப் போகுது? பிழைச்சிடாது தானே?" என்று நாள்தோறும் கேட்பார்.

பிழைக்காது, தப்பாகிவிடாது என்றுதான் தர்ஷனாவும் நம்பினாள். கடைசி வாரம். மிஸிஸ் ஹாட்லி நல்லபடி எழுதிக் கொடுத்தால் அவள் ஆசிரியை. எழுதாவிட்டால் எல்லாம் முதலில் இருந்து.

அந்த வாரத்தில்தான் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போனார்கள். நீல மலைகளைத் தாண்டி, ஆட்டுப் பண்ணைகளுக்கு நடுவில், ஸ்பானியத் துறவிகள் பூர்வகுடிப் பிள்ளைகளைக் கொண்டுவந்து வளர்க்கக் கட்டிய 'சான் எலோய்' என்ற பழைய மிஷன். துறவிகள் போய்ப் பல காலம். இப்போது தனியார் நடத்தும் அருங்காட்சியகம். 'மிஷன் பிள்ளையாக ஒரு நாள்' என்பது அங்கே பள்ளிக்கூடங்களுக்கென்று வைத்திருக்கும் நிகழ்ச்சி. பிள்ளைகள் காடாத் துணி அங்கி போட்டு, புதுப் பெயர் எடுத்து, கழுத்தில் இலக்கத் தகடு மாட்டிக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும்.

அந்தத் தகடுகளைச் செய்துகொண்டு வரும் பொறுப்பை மிஸிஸ் ஹாட்லி தர்ஷனாவிடம் விட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை கராஜில் அப்பா வட்டமாக வெட்டிய பலகைத் துண்டுகளுக்குத் துளை போட்டுக் கொடுத்தார்.

"என்னத்துக்குப் பிள்ளை இவ்வளவும்?"

"பிள்ளையள் கழுத்தில போட, அப்பா. அந்தக் காலத்து மிஷன் பிள்ளையள் மாதிரி நடிக்கப் போகினம்."

"நம்பரோடையோ?"

"ஓம்."

அப்பா ஒன்றை எடுத்துத் தன் கழுத்தில் மாட்டிப் பார்த்தார். "எனக்குத் தந்தது இதைவிட நீளம். முன்னுக்கு இங்கிலீசு எழுத்தும் இருந்தது" என்று சிரித்தார். தடுப்பு முகாமில் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், படகின் எழுத்தும் ஆளின் இலக்கமும்தான். அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "அதைக் கழட்டிப்போட்டு வேலையைப் பாருங்கோ" என்றார். அவர் சிரிக்கவில்லை.

தர்ஷனாவுக்கும் அப்படியொரு இலக்கம் இருந்தது. அதைப் பற்றி அவள் பல்கலைக்கழகத்தில் கட்டுரை எழுதி நல்ல புள்ளி வாங்கியிருக்கிறாள். அது வேறு, இது வேறு என்று நினைத்துக்கொண்டு, மிச்சத் துண்டுகளுக்கு நூல் கோத்தாள்.

பஸ் புறப்படும்போது வகுப்பில் இரண்டு பேர் குறைந்தார்கள். இருவரும் பூர்வகுடிப் பிள்ளைகள். "சுகமில்லையாம்" என்றார் மிஸிஸ் ஹாட்லி. இருவருக்குமா என்று கேட்க தர்ஷனாவின் வாய் வரைக்கும் வந்தது. மிஸிஸ் ஹாட்லி அதற்குள், "இன்றைக்கு உன்னைக் கவனித்துக்கொண்டே இருப்பேன், பயப்படாதே. ராத்திரி உட்கார்ந்து எழுதி முடித்துவிடுவேன்" என்று தோளில் தட்டினார். வந்த கேள்வி திரும்பிப் போய்விட்டது.

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் பெற்றோர் ஒருவரும் கூட வந்தார். வாசுதேவன். கணினித்துறையில் வேலை, மதுரைக்காரர். மகள் ஸ்ருதி வகுப்பின் வாயாடி. அவளுடைய இணைபிரியாத சிநேகிதி ஹம்சா, இலங்கைப் பிள்ளை, மெலிந்த தேகம், பத்துச் சொல்லுக்கு ஒரு சொல் பேசுபவள்.

மிஷன் வாசலில் இறங்கியதுமே மணம் முகத்தில் அடித்தது. ஆட்டுக்கொழுப்பு மெழுகுதிரி, ஈரச் சுவர், அதற்கு மேல் யாரோ தாராளமாக ஊற்றிய பினாயில். வரவேற்பு அறை ஒரு கடை. காடாத் துணி அங்கி போட்ட கறுப்புப் பொம்மைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். கண் இரண்டும் பெரிய பொத்தான்கள். ஒவ்வொரு பொம்மையின் கழுத்திலும் குட்டித் தகடு. தர்ஷனா ஒன்றைக் கையிலெடுத்துப் பார்த்துவிட்டு உடனே வைத்தாள். விரலைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டாள்.

வழிகாட்டியின் பெயர் கொலின். பழுப்பு அங்கி, இடுப்பில் கயிறு. சுவரில் இருந்த பெரிய படத்துக்கு முன்னால் அவர் பிள்ளைகளை நிறுத்தினார். படத்தில் நாற்பது ஐம்பது சிறுமிகள், ஒரே மாதிரி மழித்த தலை. ஒருத்திகூடச் சிரிக்கவில்லை.

"பாருங்கள், எவ்வளவு ஒழுங்காக நிற்கிறார்கள்" என்றார் கொலின். "எல்லாருக்கும் சாப்பாடு, எல்லாருக்கும் உடுப்பு."

"சூப்பரா மெயின்டெய்ன் பண்றாங்கல்ல?" என்று வாசுதேவன் தர்ஷனாவின் காதில் சொல்லிவிட்டு, படத்தைத் தன் போனில் படம் எடுத்தார்.

பிறகு பெயர் சூட்டல். தொப்பிக்குள் கைவிட்டு ஆளுக்கொரு சீட்டு எடுக்க வேண்டும். தகடு மாட்டிவிடுவது தர்ஷனாவின் வேலை. பிள்ளைகள் குனிந்தார்கள், அவள் மாட்டினாள். "இனி நீ தொலோரெஸ்." "இனி நீ கொன்செப்சியோன்." முதல் நாலைந்து பேருக்குக் குரல் கொஞ்சம் பிசிறியது. அதற்குப் பிறகு நன்றாகவே வந்தது. அப்படி நன்றாக வந்ததுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. மிஸிஸ் ஹாட்லி எதையோ குறித்துக்கொண்டு அவளைப் பார்த்துக் கண்சிமிட்டினார்.

மத்தியானம் புல்வெளியில் சாப்பாடு. ஒரு பக்கம் துறவிகளின் கல்லறைகள், பெயரும் ஊரும் வெட்டிய வெள்ளைக் கற்கள். மற்றப் பக்கம் கம்பி வேலிக்குள் வெறும் புல், அங்கங்கே மேடு. "அங்கேயும் சிலர் இருக்கிறார்கள்" என்றார் கொலின், தன் சாண்ட்விச்சைக் கடித்துக்கொண்டே. "யார் யார் என்று தெரியாது." பிள்ளைகள் அந்த வேலியில் சாய்ந்து சிப்ஸ் தின்றார்கள். தர்ஷனாவின் டப்பாவில் அம்மா கட்டித் தந்த புட்டு இருந்தது. மூடியைத் திறந்து, திரும்ப மூடினாள்.

சாப்பாட்டுக்குப் பிறகுதான் விளையாட்டின் கடைசிப் பகுதி. கொலின் ஒரு தகர டின்னையும் நீளக் கரண்டியையும் எடுத்து வந்தார்.

"மிஷனில் ஒரு சட்டம் இருந்தது. வீட்டு மொழி பேசக் கூடாது. யாராவது பேசுவது காதில் விழுந்தால் என்னிடம் வந்து சொல்ல வேண்டும். காட்டிக் கொடுத்தவருக்கு ஒரு கரண்டி சீனி. பேசியவர் அதோ அந்த அறையில் ஒரு நிமிடம்." பழைய மாக்களஞ்சியத்தைக் காட்டினார். ஜன்னல் இல்லாத கல் அறை, கனத்த கதவு. "பயப்படாதீர்கள், ஒரு நிமிடம்தான். எல்லாருக்கும் பிடித்த பகுதி இது!"

பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். அரபு, தாரி, நேபாளி, பிஜி ஹிந்தி, தமிழ் என்று அந்த வகுப்பில் வீட்டு மொழி இல்லாத பிள்ளையை விரல் விட்டு எண்ணலாம். எல்லாருடைய கண்ணும் அடுத்தவருடைய வாய்க்குப் போனது. அரை மணிநேரத்துக்கு முன்னர் சிப்ஸ் பைக்குள் ஒன்றாகக் கைவிட்டவர்கள், இப்போது காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

ஸ்ருதியால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியுமா? கொலின் திரும்பியதும் ஹம்சாவின் காதுக்குள், "ஏய், சாமியார் காலப் பாருடி. நைக் ஷூ!" என்றாள்.

ஹம்சா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "மற்றக் கால் சப்பாத்து நூல் அவிண்டு கிடக்கு. விழப் போறார்."

அவ்வளவுதான். பின்னால் நின்ற டிலன் கையை உயர்த்தினான். "சேர்! இவர்கள் இரண்டு பேரும்!"

"இல்ல, நாங்க இங்கிலீஷ்லதான் பேசினோம்!" என்று ஸ்ருதி ஆங்கிலத்தில் கூச்சல் போட்டாள்.

கொலின் குதூகலமாகக் கைகளைத் தேய்த்துக்கொண்டார். "சாட்சி வேண்டுமே. மிஸ், உங்களுக்கு இந்தப் பிள்ளைகளின் மொழி தெரியுமாமே? நீங்கள் சொல்லுங்கள். பேசினார்களா?"

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். ஹம்சாவும் பார்த்தாள், இன்னும் அரைச் சிரிப்போடு. மிஸிஸ் ஹாட்லி பேனாவோடு நின்றார். கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு பகிடி விட்டுத் தப்பியிருக்கலாம். விளையாட்டைக் கெடுக்காதவள், வகுப்போடு ஒட்டிப் போகிறவள் என்று எழுதப்பட வேண்டுமென்பது மட்டும்தான் அந்த நேரம் தர்ஷனாவின் மனதில் இருந்தது.

"ஆமாம்" என்றாள் ஆங்கிலத்தில். "தமிழ்தான்."

பிள்ளைகள் கைதட்டினார்கள். கொலின் டிலனின் உள்ளங்கையில் ஒரு கரண்டி சீனி போட்டார். பிறகு, "சாட்சிக்கும் உண்டு" என்று தர்ஷனாவின் கையை இழுத்து விரித்து இன்னொரு கரண்டி கொட்டினார்.

கதவு சாத்தப்பட்டது. வெளியிலிருந்து தாழ்ப்பாள் விழுந்தது. கொலின் ஏதோ லத்தீன் பாட்டை இழுத்து இழுத்துப் பாடத் தொடங்கினார். உள்ளேயிருந்து முதலில் ஸ்ருதியின் சிரிப்புக் கேட்டது. பிறகு தட்டும் சத்தம். அதற்குப் பிறகு சிரிப்பில்லாத தட்டல். "திறங்க! இவ ஒரு மாதிரி இருக்கா!" பாட்டு முடியட்டும் என்று கொலின் விரலை உயர்த்திக் காட்டினார். தர்ஷனாவின் கை வியர்த்துச் சீனி கசியத் தொடங்கியது. பொது இடத்தில் கீழே கொட்ட அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஒரு பிள்ளை உள்ளே கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது, இவள் சீனியை எங்கே போடுவது என்று யோசித்துக்கொண்டு நிற்கிறாள்.

கதவைத் திறந்ததும் முதலில் வெளியே பாய்ந்தது ஸ்ருதி. "அய்யே, என் ஷூ மேலேயே!" அவளுக்குப் பின்னால் ஹம்சா, வாந்தி எடுத்து, அங்கி முழுவதும் சத்தி. எலி செத்துப் பழகிய அறையின் நாற்றம் அவளோடு சேர்ந்து வெளியே வந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு பிள்ளைகள் பின்வாங்கினார்கள். இரண்டொருவர் சிரித்தார்கள்.

தர்ஷனா அவளைக் குழாயடிக்குக் கூட்டிப்போய் முகம் கழுவிவிட்டாள். சீனியும் சத்தியும் சேர்ந்த தன் கையை அவள் உரசி உரசிக் கழுவினாள். பிசுபிசுப்பு போன பிறகும் கழுவினாள்.

"அந்த மணம், மிஸ்" என்றாள் ஹம்சா.

வாசுதேவன் தண்ணீர்ப் போத்தலோடு வந்தார். "பெருசா எடுத்துக்காதீங்க மிஸ். பசங்கதானே, ரெண்டு நிமிஷத்துல மறந்துடுவாங்க. பாருங்க, என் பொண்ணு அதுக்குள்ள ஐஸ்கிரீம் கேக்குறா." ஸ்ருதி ஐஸ்கிரீம் ஒன்றும் கேட்கவில்லை. பஸ் படிக்கட்டில் உட்கார்ந்து சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மிஸிஸ் ஹாட்லி தர்ஷனாவைத் தனியே கூப்பிட்டார். குரல் தாழ்ந்திருந்தது, ஆனால் கனிவு குறையவில்லை.

"மலைப்பாதை வளைவுகள். பஸ் பயணம் ஒத்துவரவில்லை. அப்படித்தானே?"

தர்ஷனா குழாயடிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"ஹம்சாவின் அம்மாவுக்கு ஆங்கிலம் அவ்வளவு வராது. நீயே கூப்பிட்டு உங்கள் மொழியில் பக்குவமாகச் சொல்லிவிடு. பஸ்ஸில் வந்த வாந்தி என்று. வீணாக ஊதிப் பெருப்பிக்க வேண்டாம். இன்று நீ அருமையாகச் செய்தாய், மிஸ் விக். நான் எழுதப் போவதும் அதைத்தான்."

போனைக் கையில் தந்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றார்.

ஹம்சாவின் அம்மா யோகா, முதியோர் இல்லமொன்றில் வேலை செய்பவர். பின்னால் தட்டுகள் உரசும் சத்தம் கேட்டது.

"ஹலோ, ஆரு?"

"அன்ரி, நான் ஹம்சான்ர பள்ளிக்கூடத்தில இருந்து. தர்ஷனா."

"ஐயோ, பிள்ளைக்கு என்ன?"

"பயப்பிடாதேங்கோ அன்ரி. சத்தி எடுத்தவ. இப்ப பரவாயில்லை."

"பஸ்ஸாலயோ?"

அந்த ஒரு சொல் மிஸிஸ் ஹாட்லிக்கும் விளங்கியது. ஊக்கப்படுத்துவது போலத் தலையாட்டினார். ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். பொய்யைக்கூட அவள் உண்டாக்க வேண்டியதில்லை, தாயே கொண்டுவந்து தந்திருக்கிறார். இவ்வளவு சுலபமாக இருந்ததுதான் தர்ஷனாவுக்குப் பொறுக்கவில்லை.

"இல்லை அன்ரி. பஸ் இல்லை. இவை இங்க ஒரு விளையாட்டு வச்சவை. இருட்டறை ஒண்டுக்குள்ள விட்டுப் பூட்டினவை."

"பூட்டினதோ? ஏன்?"

"தமிழ் கதைச்சதுக்கு."

தட்டுச் சத்தம் நின்றது.

"அவை தமிழ் கதைச்சவை எண்டு வெள்ளைக்காரருக்கு எப்பிடித் தெரியும்? ஆர் சொன்னது?"

"நான்தான் அன்ரி."

"நீர் தமிழ்ப் பிள்ளை தானே?"

மிஸிஸ் ஹாட்லி, எல்லாம் சரியா என்று கையால் கேட்டார்.

மறுபடி யோகாவின் குரல் வந்தது. கோபம் போய், அதில் பயம் ஏறியிருந்தது. "சரி, விடும். ஒருத்தரிட்டயும் இதைப் பெரிசாக் கதைக்காதையும். எங்களுக்கு இன்னும் சிற்றிசன்ஷிப் வரேல்லை. பள்ளிக்கூடத்தோட சண்டைக்குப் போக எங்களால ஏலாது. பஸ் எண்டே சொல்லச் சொல்லும். பின்னேரம் நானே வந்து கூட்டிக்கொண்டு போறன்."

போன் வைக்கப்பட்டது.

"என்ன சொன்னார்?" என்று கேட்டார் மிஸிஸ் ஹாட்லி. "சமாளித்துவிட்டாயா?"

எல்லாருக்கும் அந்தப் பஸ் தேவைப்பட்டது. மிஸிஸ் ஹாட்லிக்கு, கொலினுக்கு, வாசுதேவனுக்கு, இப்போது தாய்க்கும். தாயே வேண்டாம் என்கிறபோது உண்மையைத் தூக்கிக்கொண்டு நிற்க நீ யார் என்று தர்ஷனா தன்னைக் கேட்டாள். தாயின் பயத்தை மிஸிஸ் ஹாட்லியிடம் சொல்ல அவளுக்கு உரிமை இல்லை. ஆனால் காட்டிக் கொடுத்த வாய் யாருடையது? அதைப் பற்றியாவது பேசலாம் அல்லவா?

"பஸ் இல்லை என்று சொன்னேன்" என்றாள். "அறையில் பூட்டினோம் என்று சொன்னேன். நான்தான் சாட்சி சொன்னேன் என்றும் சொன்னேன்."

மிஸிஸ் ஹாட்லியின் முகத்தில் கனிவு அப்படியே இருந்தது. கண் மட்டும் மாறியது. "நான் உன்னிடம் அதையா கேட்டேன்?"

"இல்லை."

"ஒரு ஆசிரியைக்கு எதை எப்போது சொல்வது என்ற நிதானம் வேண்டும். அது உன்னிடம் இன்னும் வரவில்லை என்றுதான் நான் எழுத வேண்டியிருக்கும். எனக்கும் இது வருத்தம்தான்." பேனாவை மூடிப் பைக்குள் போட்டார்.

ஆக, அம்மா பயந்தபடியே பிராக் பிழைத்துவிட்டது. தர்ஷனா அழவில்லை. தான் ஏதோ பெரிய காரியம் செய்தவள் என்ற நிறைவும் வரவில்லை. 'ஆமாம், தமிழ்தான்' என்று தன் குரல் சொன்னதுதான் திரும்பத் திரும்பக் கேட்டது. அந்தக் குரல் நல்ல தெளிவான ஆங்கிலத்தில், மேடையில் பேசுவது போல இருந்தது.

பஸ்ஸில் ஹம்சாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ஹம்சா பள்ளிக்கூட விளையாட்டுச் சட்டை மாற்றியிருந்தாள். வெகுநேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மாட்ட என்ன சொன்னீங்கள்?"

"நடந்ததைச் சொன்னனான்."

"எல்லாத்தையுமோ?" ஹம்சா திரும்பினாள். "ஏன் மிஸ்? அம்மா இனி என்னைப் பள்ளிக்கூடக் கேம்புக்கு விடமாட்டா. இனி ஒரு இடத்துக்கும் விடமாட்டா. இரவெல்லாம் படுக்காமல் அழுவா. உங்களுக்குத் தெரியுமா அது?"

"ஹம்சா, நான்..."

"நீங்கள்தானே அந்தாளிட்டயும் சொன்னது. பிறகு அம்மாட்டயும் சொல்றீங்கள். நீங்கள் ஒரு இடத்திலயாவது சும்மா இருக்க மாட்டீங்களோ?" முகத்தை மறுபடி ஜன்னலுக்குத் திருப்பினாள். "வேற சீட்ல போய் இருங்கோ மிஸ். ப்ளீஸ்."

தர்ஷனா எழுந்தாள். பஸ் மலையேறிக்கொண்டிருந்தது. இருக்கைகளின் முதுகைப் பிடித்துப் பிடித்து நடந்தாள். வாசுதேவன் வாய் பிளந்து தூங்கினார். "பின்னால் நிற்பது யார்? உட்காருங்கள், பெல்ட் போடுங்கள்!" என்று ஓட்டுநர் கண்ணாடியைப் பார்த்துச் சத்தம் போட்டார். காலியாக இருந்தது முன்னால் மிஸிஸ் ஹாட்லிக்குப் பக்கத்து இருக்கை மட்டும்தான். மிஸிஸ் ஹாட்லி தன் பையை எடுத்து மடியில் வைத்து இடம் விட்டார்.

தர்ஷனா உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டாள்.

"ஹம்சாவின் அம்மா பள்ளிக்கூட வாசலில் நிற்பார்" என்றாள். "நீங்கள் பேசுங்கள். நான் மொழிபெயர்க்கிறேன். நீங்கள் சொல்வதை மட்டும்தான் சொல்வேன், ஒரு சொல் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்."

மிஸிஸ் ஹாட்லி என்ன சொல்வதென்று முடிவெடுக்க மெரிலேண்ட்ஸ் வரைக்கும் நேரம் இருந்தது.